பிள்ளைக்கு லெப்டொப் வாங்கப் போகின்றீர்களா? காசை எண்ணிக் கொடுக்க முன் இதை வாசியுங்கள்



ஒரு காலத்தில் தோட்டத்து வீடொன்றில் வானொலிப் பெட்டி வாங்கினால் அது லயம் முழுக்கப் பேச்சாக இருக்கும். பிறகு தையல் மெஷின் வந்தது, தொலைக்காட்சி வந்தது, கைத்தொலைபேசி வந்தது. இப்போது நம் வீடுகளில் கேட்கும் சொல் லெப்டொப். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடம் எடுத்த பிள்ளை கேட்கின்றது. உயர்தரம் படிக்கும் பிள்ளை கேட்கின்றது. பல்கலைக்கழகத்துக்கோ கல்வியியற் கல்லூரிக்கோ தெரிவான பிள்ளைக்கு அது இல்லாமல் காரியம் ஆகாது என்றே சொல்லிவிடலாம். 2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு, படிப்பெல்லாம் தொலைபேசித் திரைக்குள் போனபோது, ஒரே ஒரு போனை மூன்று பிள்ளைகள் மாறி மாறி வைத்துக்கொண்டு பட்ட கஷ்டம் உங்களுக்கே தெரியும்.

பிள்ளை கேட்பதில் பிழையில்லை. பெற்றோர் வாங்கிக் கொடுக்க நினைப்பதிலும் பிழையில்லை. ஆனால் இது சேலையோ சட்டையோ அல்ல. கணக்கொன்று பார்ப்போம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபா கழிந்தால் மிச்சம் 1,242 ரூபா. ஒரு இலட்சம் ரூபா பெறுமதியான லெப்டொப் ஒன்றுக்கு 80 நாளுக்கு மேல் பேர் போட வேண்டும். அந்த 80 நாளும் வீட்டில் அரிசி, மா, மண்ணெண்ணெய் எதுவும் வாங்காமல் இருந்தால்தான் அந்தக் கணக்கும் சரி! சம்பளம் கூடும்போது நாட்கணக்கு கொஞ்சம் குறையும். ஆனால் கணக்குப் பார்க்கும் முறை அதேதான். இத்தனை நாள் உழைப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கும் போது என்ன வாங்குகின்றோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

முதற் கேள்வி: என்ன வேலைக்கு?

கடைக்குப் போக முன் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். "நீ இதில் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். பாடக் குறிப்பு வாசிப்பது, கட்டுரை தட்டச்சு செய்வது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடம் பார்ப்பது, சூம் வகுப்பு, பைதன் போன்ற நிரல் மொழி பழகுவது – இவ்வளவுதான் என்றால் மிக விலை கூடிய இயந்திரம் தேவையே இல்லை. கட்டடப் படம் வரைதல், வீடியோ வெட்டி ஒட்டுதல், பொறியியற் படிப்பு என்றால் கொஞ்சம் பலமானது வேண்டும். விளையாட்டுக்காக என்றால், அதற்குக் கடன் பட வேண்டாம் என்பதே எமது கருத்து.

பெட்டிக்குள் என்ன இருக்கின்றது?

கடைக்காரர் வேகமாகப் பல பெயர்களைச் சொல்வார். கேட்டுத் தலை சுற்றும். உண்மையில் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது நான்கே நான்கு விடயங்கள். நம் வீட்டுச் சமையலறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரொசெசர் என்பது சமைக்கும் ஆள். ஆள் கெட்டிக்காரர் என்றால் வேலை சீக்கிரம் முடியும். இதை மாற்ற முடியாது. இக்காலத்து லெப்டொப்புகளில் ப்ரொசெசர் பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே வாங்கும்போதே சரியாகப் பார்த்து வாங்க வேண்டியது இதைத்தான்.

றாம் என்பது சமையல் மேடை. மேடை சின்னது என்றால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதை வெட்டலாம். 4 ஜிபி மேடை இன்றைக்குப் போதாது. 8 ஜிபி இருந்தால் படிப்பு வேலைக்குப் போதும். 16 ஜிபி என்றால் தாராளம்.

ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. என்பது அரிசிப் பெட்டி. சாமான் எல்லாம் இருக்கும் இடம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்ற, ஒரு முள் அதைத் தடவித் தடவி வாசிக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகம் எதுவுமே இல்லை. வேகத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்னொன்றையும் யோசியுங்கள். நம் தோட்டத்துப் பாதையில் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போகும் பிள்ளையின் பையில், சுற்றும் தட்டும் முள்ளும் உள்ள பெட்டி எத்தனை நாள் தாங்கும்?

நான்காவது பெட்டரி. அது தேயும் பொருள். டோர்ச் லைட் பெட்டரி போல் ஒரே நாளில் சாகாது. கொஞ்சங் கொஞ்சமாகக் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும்.

புதியதா, பாவித்ததா?

எம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. "பழசை வாங்கி என்னத்துக்கு ஐயா, புதுசு வாங்கினா நிம்மதிதானே?" என்பார்கள். எப்போதும் அப்படியில்லை.

எமது பிரிவொன்றைச் சேர்ந்த தம்பதியர் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மகளுக்காகத் தவணைக்குப் புது லெப்டொப் ஒன்று எடுத்தார்கள். பளபளவென்று மெல்லியதாக அழகாக இருந்தது. ஆறு மாதம் போவதற்குள் அது நகர மறுத்தது. ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிடம், "இடம் போதாது" என்று ஓயாமல் அறிவித்தல். அந்தப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நாம் திறந்து பார்த்தோம். றாம் 4 ஜிபி, பலகையோடு ஒட்டியது. அரிசிப் பெட்டி 64 ஜிபி, அதுவும் ஈ.எம்.எம்.சி. எனப்படும், பலகையோடு ஒட்டிய மலிவு வகை. கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. வின்டோஸ் 11 மட்டுமே குறைந்தது 64 ஜிபி இடம் கேட்கின்றது என்றால் பிள்ளையின் பாடத்துக்கு எங்கே இடம்? இன்னும் 18 தவணை கட்டவும் இருந்தது. "கடைக்காரர் புதுசுன்னுதானே குடுத்தாரு" என்றார் அந்தத் தாய். அவர் சொன்னது பொய்யில்லை. புதுசுதான். வேலைக்கு ஆகாத புதுசு.

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. வெளிநாட்டுக் கம்பனிகள் மூன்று நான்கு வருடம் பாவித்த பின் மொத்தமாகக் கழித்துவிடும் அலுவலக லெப்டொப்புகள் இலங்கைக்கு வருகின்றன. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும், கண்டி போன்ற நகரங்களிலும் விற்கின்றார்கள். லெனோவோ தின்க்பேட் டி480, டெல் லெட்டிட்யூட் 5490, எச்பி எலீட்புக் 840 ஜி5 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. மூன்றும் 2018 இல் வந்த மொடல்கள். பார்வைக்குக் கொஞ்சம் தடிப்பு, அழகும் குறைவு. ஆனால் உடம்பு பலம். மூன்றிலும் றாம் போட இரண்டு இடம் உண்டு. எஸ்.எஸ்.டி. மாற்றலாம். பெட்டரி மாற்றலாம். உதிரிப் பாகம் தேடினால் கிடைக்கும்.

ஆகவே கையில் உள்ள காசு குறைவு என்றால், ஆக மலிவான புதியதை விட, நல்ல நிலையில் உள்ள பாவித்த அலுவலக இயந்திரம் மேல். காசு கொஞ்சம் கூட இருந்தால், 8 ஜிபி றாமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் உள்ள, பின்னால் கூட்டக் கூடிய புதியதைத் தேடலாம்.

வயதைக் கண்டுபிடிக்கும் வழி

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கின்றோம் அல்லவா? லெப்டொப்பின் பல் ப்ரொசெசரின் இலக்கம்.

இன்டெல் ஐ3, ஐ5, ஐ7 என்று மட்டும் சொன்னால் போதாது. அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைக் கேளுங்கள். ஐ5-7200 என்றால் 7 ஆம் தலைமுறை. ஐ5-8250 என்றால் 8 ஆம் தலைமுறை. அந்த இலக்கம் 1 இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தையும் சேர்த்து வாசியுங்கள்: 10210 என்றால் 10 ஆம் தலைமுறை, 1135 என்றால் 11 ஆம் தலைமுறை. "ஐ7 இருக்கு, எடுங்க" என்று 4 ஆம் தலைமுறை ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 4 ஆம் தலைமுறை ஐ7 ஐ விட 8 ஆம் தலைமுறை ஐ5 எவ்வளவோ மேல். ஒரே மொடலிலும் இரண்டு தலைமுறை வருவதுண்டு. லெட்டிட்யூட் 5490 இல் 7 ஆம் தலைமுறையும் உண்டு, 8 ஆம் தலைமுறையும் உண்டு. ஆகவே மூடியில் உள்ள பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

இந்த 8 என்ற இலக்கத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகின்றோம்? காரணம் உண்டு. வின்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதாவது கள்வர் நுழையும் ஓட்டையைக் கம்பனி வழமைபோல் அடைத்துத் தருவதில்லை. அதற்கு அடுத்தது வின்டோஸ் 11. அதை முறைப்படி போடுவதற்கு இன்டெல் என்றால் 8 ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும். ஏஎம்டி ரைசன் லெப்டொப் என்றால் 3000 வரிசையும் அதற்கு மேலும் வேண்டும். டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும் இருக்க வேண்டும். இதற்குத் தகுதியில்லாத இயந்திரங்கள்தான் இப்போது மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. மலிவின் காரணத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இவற்றில் லினக்ஸ் என்ற இலவச முறைமையைப் போட்டுப் பாவிக்கலாம். அதைப் பற்றிக் கீழே சொல்கின்றோம்.

செலரோன் என்ற பெயர் பழைய மலிவுப் புது இயந்திரங்களில் வரும். அதில் இரண்டு கைகள் மட்டும் உள்ள என்4020 போன்றவற்றைத் தவிர்த்தல் நல்லது. 2023 முதல் வந்த என்100 என்பதில் நான்கு கைகள் உண்டு. பாடசாலை வேலைக்குப் பரவாயில்லை.

கடையில் நின்று சோதிக்க வேண்டியவை

பாவித்தது வாங்கும்போது அவசரப்பட வேண்டாம். தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகல் நேரத்தில் போங்கள். அரை மணித்தியாலம் எடுத்துச் சோதியுங்கள். "பார்த்துட்டுத்தான் எடுப்போம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். காசு உங்களுடையது.

1. முழுவதும் நிறுத்தியிருந்த இயந்திரத்தைப் போடச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.டி. உள்ளது அரை நிமிடமளவில் வேலைக்குத் தயாராக வேண்டும்.

2. திரையில் முழு வெள்ளை நிறப் படமொன்றைப் போட்டுப் பாருங்கள். கோடு, கறுப்புப் புள்ளி, மஞ்சள் கறை தெரிந்தால் விட்டுவிடுங்கள். மூடியைத் திறந்து மூடும்போது திரை மினுங்கினால் உள்ளே கம்பி தேய்ந்துள்ளது என்று அர்த்தம்.

3. எல்லா எழுத்துக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எல்லா யூ.எஸ்.பி. துளைகளிலும் பென் டிரைவ் ஒன்றைச் செருகிப் பாருங்கள். கெமரா, மைக், ஒலி, வைபை எல்லாம் சோதியுங்கள். சூம் வகுப்புக்கு இவை வேண்டும்.

4. பெட்டரி அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். வின்டோஸிலேயே அது உண்டு. விடயம் தெரிந்த கடைக்காரர் ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டுவார். அதில் இரண்டு எண் இருக்கும். ஒன்று, செய்யும்போது இருந்த கொள்ளளவு. மற்றது, இப்போது நிறையும் கொள்ளளவு. முதலாவது 48,000, இரண்டாவது 30,000 என்றால் 62 வீதந்தான் மிச்சம். அப்படியானால் புதுப் பெட்டரியின் விலையை இப்போதே கேட்டு, அதைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

5. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் வீடியோ ஓட விடுங்கள். திடீரென நின்றாலோ, அடிப்பாகம் கை வைக்க முடியாமல் கொதித்தாலோ, காற்றாடி அலறினாலோ கவனம்.

6. அடிப்பாகத்தை மேசையில் வைத்துப் பாருங்கள். நடுவில் வீங்கி, ஆடினால் உள்ளே பெட்டரி ஊதியிருக்கக் கூடும். அது தீப்பிடிக்கும் ஆபத்துள்ளது. எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டாம்.

7. போடும்போது ஆரம்பத்திலேயே கடவுச்சொல் கேட்கின்றதா, ஏதேனும் கம்பனியின் பெயர் வருகின்றதா என்று பாருங்கள். அப்படியான பூட்டு உள்ளது பின்னால் பெரிய தலையிடி.

8. உங்கள் கண் முன்னால் றாம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, ப்ரொசெசர் இலக்கம் என்ன என்று திரையில் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒட்டியுள்ள ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரை யாரும் மாற்றி ஒட்டலாம்.

இணையத்தில் படத்தைப் பார்த்து முற்பணம் அனுப்பாதீர்கள். நம்ப முடியாத விலைக்குப் பெருங் கொள்ளளவு எஸ்.எஸ்.டி., பென் டிரைவ் என்று விற்பவற்றுள் போலிகள் நிறைய. தெருவில் யாரோ கொண்டுவந்து, பில்லும் இல்லாமல் சார்ஜரும் இல்லாமல் அரை விலைக்கு நீட்டினால் அது களவுப் பொருளாக இருக்கலாம். பிறகு பொலிஸில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்

பில்லில் கடையின் பெயர், திகதி, விலை, மொடல், லெப்டொப்பின் தொடரிலக்கம், உத்தரவாதக் காலம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். உத்தரவாதம் எதற்கெல்லாம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெட்டரிக்கும் சார்ஜருக்கும் கால அளவு வேறாக இருக்கும். வாயால் சொன்ன வாக்குறுதி கடைப் படி இறங்கியதும் போய்விடும். சொன்ன விலை வரியோடு சேர்த்தா என்றும் கேளுங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். அதற்கும் பில் வேண்டும். நாட்களைக் கடத்தாமல் எழுத்தில் முறையிடுவது நல்லது. கடிதம் எழுதத் தெரியாவிட்டால் தோட்ட நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகின்றோம்.

தவணைக்கு எடுக்கும்போது

"மாதம் ஐயாயிரந்தான்" என்பார்கள். அந்த 'தான்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கின்றது. ஒரு இலட்சம் ரூபா, வருடத்துக்கு 12 வீத வட்டி, 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் இரண்டு வருட வட்டி போட்டால் 24,000 ரூபா. மொத்தம் 124,000. மாதம் 5,167 ரூபா. ஆனால் நீங்கள் மாதா மாதம் முதலையும் சேர்த்துத்தானே கட்டி வருகின்றீர்கள்? கடன் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டுமல்லவா? குறைவதில்லை. குறையும் நிலுவைக்கு வட்டி என்று பார்த்தால் அது வருடத்துக்கு 21 வீதத்துக்கும் மேல் வருகின்றது. ஆகவே "மாதம் எவ்வளவு?" என்று கேட்கும்போதே, "கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம்?" என்றும் கேளுங்கள். இரண்டு கடையில் கேட்டு ஒப்பிடுங்கள்.

பிள்ளை உயர்தரம் தொடங்கும்போதே நம்பிக்கையானவர்களோடு ஒரு சீட்டுப் போட்டு வைத்தால் பரீட்சை முடியும்போது காசு கையில் இருக்கும். உங்கள் தோட்டத்தில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இயங்கினால் அங்கே கடன் கிடைக்குமா, வட்டி எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். சேமலாப நிதியில் 30 வீதத்தை இடையில் எடுப்பது வீட்டுத் தேவைக்கும் வைத்தியத் தேவைக்குமே. லெப்டொப்புக்கு எடுத்துத் தருகின்றேன் என்று யாராவது தரகர் வந்தால் நம்ப வேண்டாம். தாலிக்கொடியை அடகு வைக்க முன், மேலே சொன்ன பாவித்த இயந்திரத்தை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள்.

இருப்பதைக் கூட்டுவது எப்படி?

வீட்டில் ஏற்கெனவே மெதுவாக ஓடும் லெப்டொப் ஒன்று இருந்தால் உடனே புதியது வாங்க ஓடாதீர்கள். கூட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு.

முதலில் எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய இயந்திரத்துக்கு 240 அல்லது 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டால் அதே இயந்திரம்தானா என்று ஆச்சரியப்படுவீர்கள். செலவிடும் ஒவ்வொரு ரூபாவுக்கும் ஆகக் கூடிய பலன் தருவது இதுவே. இதில் இரண்டு உருவம் உண்டு. ஒன்று ஹார்ட் டிஸ்க் போலவே இரண்டரை அங்குலப் பெட்டி. மற்றது சுவிங்கம் போல் நீண்ட சிறு பலகை, எம்.2 என்பார்கள். எம்.2 இலும் சாட்டா, என்விஎம்ஈ என்று இரண்டு வகை. ஒன்றுக்குரிய இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். ஆகவே லெப்டொப்பின் மொடல் இலக்கத்தைக் காட்டியே வாங்க வேண்டும். கழற்றிய பழைய டிஸ்க்கை எறிய வேண்டாம். சிறிய உறையொன்று வாங்கிப் போட்டால், பாடங்களின் பிரதியைச் சேமிக்கும் வெளி டிஸ்க் ஆகிவிடும்.

இரண்டாவது றாம். இதிலும் டி.டி.ஆர்.3, 4, 5 என வகை உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தவே பொருந்தாது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும். முதலில் உங்கள் லெப்டொப்பில் றாம் இடம் காலியாக உள்ளதா, ஒட்டியதா என்று அறிந்துகொள்ளுங்கள். ஒரு 8 ஜிபி துண்டு இருந்தால், இன்னொரு 8 ஜிபி துண்டைச் சேர்ப்பது நல்லது. இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது வேகமும் கூடும். 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் றாம் விலை வெகுவாகக் கூடியது. எனவே "4 ஜிபி உள்ளதை எடுத்துப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள், 8 ஜிபியோடு வருவதன் விலையையும் கேட்டு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது பெட்டரி. அரை மணித்தியாலமும் தாங்காது என்றால் மாற்றுங்கள். நாலாவது, உள்ளே சேர்ந்த தூசியைத் துடைத்து, ப்ரொசெசருக்கு மேல் பூசும் வெப்பப் பசையைப் புதுப்பிப்பது. சூடு குறைந்தால் வேகமும் திரும்பும்.

இந்த வேலையைச் செய்யக் கூடிய பிள்ளைகள் இப்போது நம் தோட்டங்களிலேயே இருக்கின்றார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. முழுவதும் நிறுத்திச் சார்ஜரைக் கழற்றிய பிறகே திறக்க வேண்டும். உள்ளே முதலில் பெட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். றாமைத் தொடுமுன் உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டு உடம்பிலுள்ள நிலை மின்னை இறக்குங்கள். றாமைச் சரிவாகச் செருகி, பக்கக் கொளுவி 'டக்' என்று பிடிக்கும்வரை மெல்ல அழுத்துங்கள். கழற்றிய ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கில் ஒரு தட்டில் வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் பலகையில் ஓட்டை விழும். உத்தரவாதம் முடியாத இயந்திரத்தைத் திறக்க முன் கடையில் கேளுங்கள்.

மென்பொருளுக்குக் காசு வேண்டுமா?

அலுவலக லெப்டொப்புகளில் பெரும்பாலும் வின்டோஸ் அனுமதி இயந்திரத்தோடு சேர்ந்தே வரும். "அக்டிவேட்" ஆகியுள்ளதா என்று பார்த்து எடுங்கள். களவுப் பிரதி மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வரும். தட்டச்சு, கணக்கு அட்டவணை, காட்சி விளக்கம் ஆகியவற்றுக்கு லிப்ரே ஒபிஸ் முற்றிலும் இலவசம். வின்டோஸ் 11 ஏற்காத பழைய இயந்திரத்தில் லினக்ஸ் மின்ட் போடலாம். அதுவும் இலவசம், படிப்பு வேலைக்குத் தாராளமாகப் போதும். தமிழில் தட்டச்சுச் செய்ய இலங்கையில் பழக்கத்திலுள்ள ரெங்கநாதன் விசைப்பலகையைப் பிள்ளைக்குப் பழக்குங்கள். அரசாங்கப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கலாம்.

போனிலிருந்து இணையத்தைப் பகிரும் வீடுகள் ஒன்றைச் செய்ய வேண்டும். வின்டோஸின் வைபை அமைப்பில், அந்த இணைப்பை "மீட்டர்ட்" என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வின்டோஸ் தன் பாட்டில் பெரும் இறக்கங்களைச் செய்து உங்கள் டேட்டா காட்டை ஒரே இரவில் தின்றுவிடும்.

லயத்து வீட்டில் லெப்டொப்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின் வெட்டு வந்தபோது, நல்ல பெட்டரியின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வெட்டை விட, மின்சாரம் திரும்பி வரும் நேரமும் இடி மின்னலுந்தான் ஆபத்து. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். வயரை இழுத்து ஒட்டுப் போட்ட பிளக்கில் சொருக வேண்டாம். சார்ஜர் பழுதானால், லெப்டொப்புக்குரிய அதே வோல்ட்டேஜ், போதிய வாட்ஸ் உள்ளதை வாங்குங்கள். மலிவுப் போலி தீ வைக்கும்.

விறகடுப்புப் புகையும் கரியும் காற்றாடியில் படிந்து சூட்டைக் கூட்டும். ஆகவே அடுப்படியில் வைக்காதீர்கள். கம்பளி மேல், மெத்தை மேல் வைத்துப் பாவித்தால் காற்றுத் துளை அடைபடும். பலகையோ மேசையோ நல்லது. மழைக் காலத்தில் ஈரச் சுவரோடு சாத்தி வைக்க வேண்டாம். பையில் வைக்கும்போது பொலித்தீன் ஒன்றால் சுற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண்சரிவில் வீடும் உடைமையும் இழந்தவர்கள் பலர். இயந்திரம் போனால் இன்னொன்று வாங்கலாம். பிள்ளை இரண்டு வருடம் எழுதிய குறிப்பும் செயற்றிட்டமும் போனால் எங்கே வாங்குவது? பென் டிரைவ் ஒன்றில் மாதம் ஒரு தடவை பிரதி எடுத்து, உறவினர் வீட்டில் அல்லது பாடசாலையில் கொடுத்து வையுங்கள். இணையம் உள்ளவர்கள் கூகுள் டிரைவிலும் போட்டு வைக்கலாம்.

கடைசியாக

சுருக்கமாக இதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்: 8 ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல், 8 ஜிபி றாம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி.; பெட்டரி அறிக்கை; தொடரிலக்கத்தோடு பில். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும், ஏன் குறைகின்றது, அதற்கு எவ்வளவு விலை குறைப்பீர்கள் என்று கேளுங்கள்.

வாங்க முன் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். மொடல் இலக்கத்தையும் ப்ரொசெசர் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு, சம்பள நாளுக்கு முன்னரே அலுவலகத்துக்கு வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்த்துச் சொல்கின்றோம்.